வீட்டு வரிச் சலுகை: வீட்டுக்கா, வீட்டில் இருப்பவருக்கா?

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவே இருக்கிறது மேல்பட்டாம்பாக்கம் பேரூராட்சி. விழுப்புரம் - கடலூர் ரயில் பாதையில் போகிறவர்கள் இந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் டென்மார்க் மிஷனரிகள் வந்து தங்கிய ஊர் என்பதைத் தவிர சரித்திரப் புத்தகங்களில் இதற்குப் பெரிய இடம் கிடையாது. ஆனால் வீட்டு வரியின் சரித்திரத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். காரணம், இதே மாவட்டத்தில்தான் நெய்வேலி நகரியமும் இருக்கிறது.

நெய்வேலி 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு உருவான ஊர். 2011 கணக்கெடுப்பின்படி நகரியத்தின் மக்கள்தொகை 1 லட்சத்து 5 ஆயிரத்துக்கு மேல். இவ்வளவு பெரிய ஊருக்கு நகராட்சி கிடையாது! தெரு, விளக்கு, குடிநீர், குப்பை எல்லாவற்றையும் நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. குவார்ட்டர்ஸில் 30 வருஷம் குடியிருப்பவர் வீட்டு வரி கேட்டு வரும் பில் கலெக்டரின் முகத்தையே பார்க்காமல் ஓய்வு பெற்றுவிடலாம். ஓய்வு பெற்ற மறுநாள் வெளியே ஒரு ஊரில் மனை வாங்கி வீடு கட்டும்போதுதான் பத்திரச் செலவு, பெயர் மாற்றம், வரி விதிப்பு எண், அரையாண்டு வரி என்று ஒவ்வொன்றாக அறிமுகமாகும். மேல்பட்டாம்பாக்கத்தில் ஓலைக் கூரையின் கீழ் இருக்கும் ஒரு கூலித் தொழிலாளிக்கோ இதெல்லாம் பரம்பரையாகத் தெரிந்த விஷயம்.

சரி, வசதி குறைந்தவர்களுக்கும் புதிதாக வீடு வாங்குகிறவர்களுக்கும் உள்ளாட்சி வரியில் சலுகை வேண்டும் என்று எல்லாத் தேர்தலிலும் பேசுகிறார்களே, அந்தச் சலுகை எப்போது, எப்படி வந்தது? யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

கதை சென்னையில் தொடங்குகிறது. 1680-களில் கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பகுதிக்குக் கருப்பர் நகரம் என்று பெயர். அதன் மதில் செலவுக்காக கவர்னர் வில்லியம் கிஃபோர்டு வீட்டுக்கு வீடு வரி போட்டார். பெரிய வீட்டுக்கு இத்தனை பணம், சின்ன வீட்டுக்கு இத்தனை பணம் என்று தரம் பிரித்துத்தான் போட்டார். அப்படியும் 1686-ல் ஜனங்கள் கடைகளை அடைத்துவிட்டார்கள். இந்தச் சம்பவம் நடந்து அடுத்த வருஷமே, 1687-ல், சென்னை மாநகராட்சிக்கான சாசனம் லண்டனில் தயாரானது. கம்பெனியின் தலைவர் ஜோசையா சைல்டு சொன்ன நியாயம் சுவாரசியமானது. கம்பெனி அதிகாரத்தால் விதிக்கும் ஆறு பென்சை விட, தாங்களே தங்களுக்கு விதித்துக்கொள்ளும் ஐந்து ஷில்லிங்கை மக்கள் சந்தோஷமாகக் கட்டுவார்கள் என்பது அவர் கணக்கு. (ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். அதாவது பத்து மடங்கு!) கணக்கு பலிக்கவில்லை. மாநகராட்சி வந்த பிறகும் ஜனங்கள் வரி கட்டத் தயங்கினார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி, மக்களுக்கு வசதி செய்துகொடுப்பதற்காக மட்டும் பிறந்ததில்லை. வீட்டு வரியை எப்படி வலிக்காமல் வாங்குவது என்ற யோசனையும் அதன் பிறப்பில் இருக்கிறது.

ஏழை வீட்டுக்கு விலக்கு என்ற பேச்சை அரசாங்க உத்தரவிலேயே பார்க்க வேண்டுமென்றால் காசிக்குப் போக வேண்டும். 1810-ல் கம்பெனி அரசாங்கம் வங்காள மாகாணத்தின் பெரிய நகரங்களில் வீட்டு வரி கொண்டுவந்தது. குடியிருக்கும் வீட்டின் வருஷ வாடகையில் 5 சதவீதம், கடை என்றால் 10 சதவீதம். அந்த டிசம்பர் கடைசியில் காசி நகரத்து மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே வெட்டவெளியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கொல்லர்கள், படகுக்காரர்கள், நெசவாளர்கள் என்று ஜாதி வாரியாக, தொழில் வாரியாகக் கூட்டம் கூடியது. படகு ஓடவில்லை. வேலை நடக்கவில்லை. பூட்டிய வீட்டுக்கு எப்படி வரி போடுவாய் என்று கேட்பது போன்ற போராட்டம். காந்தி பிறப்பதற்கு 58 வருஷம் முன்னால் நடந்தது இது. பின்னாளில் தரம்பால் பழைய ஆவணங்களைத் தேடி எடுத்துப் புத்தகமாக்கியதால்தான் பலருக்கும் தெரிய வந்தது.

1811 ஜனவரியில் அரசாங்கம் கொஞ்சம் இறங்கி வந்தது. கோயில், மசூதி போன்ற கட்டடங்களுக்கும், மிகவும் ஏழைகளின் குடியிருப்புகளுக்கும் விலக்கு என்று அறிவித்தது. கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கும் தந்திரம் என்று இதைச் சொல்லலாம். ஏழைகள் விலக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் மிச்சமிருப்பவர்களைச் சமாளிப்பது சுலபம்தானே? எதிர்ப்பு அத்தோடு அடங்கவில்லை. கடைசியில் 1812-ல் வரியே ரத்தானது. நம் நாட்டில் ஏழை வீட்டுக்கு வரிச் சலுகை என்ற எண்ணம், வரியைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியாகத்தான் அரசாங்கத்தின் தலையில் உதித்தது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

சென்னை மாகாணத்தில் 1865 நகர மேம்பாட்டுச் சட்டத்தோடு வீட்டு வரி ஊர் ஊராகப் பரவியது. கடலூர் 1866-ல் நகராட்சி ஆனது. 1871-ல் கிராமங்களிலும் வீட்டு வரி போட ஒரு சட்டம் வந்தது. ‘ஏற்கெனவே நிலத்துக்கு வரி, உப்புக்கு வரி, இனி தலைக்கு மேலே இருக்கும் கூரைக்கும் வரியா?’ என்ற நிலையில் கிராமங்களில் எதிர்ப்பு கிளம்பவே, அது பெரும்பாலான இடங்களில் கைவிடப்பட்டது. ரிப்பன் பிரபுவின் தன்னாட்சித் தீர்மானத்துக்குப் பிறகு 1884-ல் வந்த சட்டம் மறுபடி முயன்றது. பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களைச் சேர்த்து யூனியன் என்று அமைத்து, லேசான ஒரு வீட்டு வரியில் தெருக் கூட்டவும் விளக்கு ஏற்றவும் வைத்தது. இந்த முறை நிலைத்துவிட்டது. வரி குறைவு என்பது ஒரு காரணம். கொடுத்த காசு தெரு விளக்காகக் கண்ணெதிரே எரிந்தது இன்னொரு காரணமாக இருக்கலாம்.

1958-ல் வந்த பஞ்சாயத்துச் சட்டம் 5000 பேருக்குக் குறையாத மக்கள்தொகையும் வருஷத்துக்கு 10,000 ரூபாய் வருமானமும் இருந்தால் அதை நகரப் பஞ்சாயத்து என்றது. இன்றைய பேரூராட்சிகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. 1994-க்குப் பிறகு பேரூராட்சிகள் 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கீழ் வந்தன. சொத்து வரி பற்றிய விதிகளை அந்தச் சட்டத்தில் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும்.

விலக்குப் பட்டியலில் வழிபாட்டிடங்கள், சத்திரங்கள், கல்விக் கட்டடங்கள், பழங்கால நினைவுச் சின்னங்கள், சுடுகாடு எல்லாம் வரிசையாக வருகின்றன. இவை நியாயமானவைதான். அடுத்து, ஒரு கட்டடம் அரையாண்டில் தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ காலியாகப் பூட்டிக் கிடந்தால், பூட்டிக் கிடந்த நாட்களுக்கு ஏற்றபடி கட்டடத்துக்கான வரியில் பாதி வரை தள்ளுபடி. ஒரு வீட்டைப் பூட்டிவிட்டு வேறு வீட்டில் இருக்க முடிகிறவருக்குத்தானே இது உதவும்? இருக்கிற ஒரே வீட்டில் எட்டுப் பேர் படுத்துத் தூங்கும் குடும்பத்துக்கு இதில் என்ன இருக்கிறது!

பின்னால் வந்த முக்கியமான சலுகை, சொந்த வீட்டில் தானே குடியிருப்பவருக்கானது. சென்னை மாநகராட்சியின் கணக்கில், உரிமையாளரே குடியிருக்கும் வீடு என்றால் மாத வாடகை மதிப்பில் 25 சதவீதம் கழித்துவிட்டுத்தான் வரி போட்டார்கள். வீடு வாங்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு இது உண்மையான உதவி. வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பவரும், கடன் வாங்கி ஒரே வீடு கட்டிக் குடியேறியவரும் ஒன்றல்ல என்று சட்டம் ஒப்புக்கொண்டது நல்ல விஷயம். ஆனால் அதே தெருவில் வாடகைக்கு இருக்கும் குடும்பம்? வரியைக் கட்டுவது வீட்டுக்காரர், அதைத் தாங்குவது பல நேரங்களில் குடித்தனக்காரர். சலுகை இல்லாத முழு வரியும் ஏதோ ஒரு வகையில் வாடகைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். ஊரிலேயே வருமானம் குறைந்தவர்களில் பலர் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள் என்பதை யோசித்துப் பார்த்தால் இந்தச் சலுகையின் ஓட்டை புரியும்.

அப்படியானால் குடிசைக்கும் ஓட்டு வீட்டுக்கும் வரியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே? மேலோட்டமாகப் பார்த்தால் இதுதான் சரி என்று தோன்றும். இங்கேதான் வீட்டு வரி ரசீது என்ற அந்தத் துண்டுக் காகிதம் குறுக்கே வருகிறது. மின் இணைப்புக்கு விண்ணப்பித்தால் அதைக் கேட்பார்கள். ரேஷன் கார்டில் முகவரி மாற்ற அது உதவும். பட்டா இல்லாத இடத்தில் பல வருஷமாகக் குடியிருப்பவர், ‘இத்தனை காலமாக இங்கேதான் இருக்கிறேன்’ என்று காட்ட எடுத்து நீட்டுவதும் அதைத்தான். வரி ரசீது சொத்துரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் ஏழைக்கு அதைவிட்டால் வேறு காகிதம் இல்லை. அதனால்தான் பணக்கார வீட்டுக்காரர் தன் மாடிக் கட்டடம் வரிக் கணக்கில் ஏறிவிடக் கூடாதே என்று பார்க்கும்போது, குடிசைக்காரர் தன் குடிசையைக் கணக்கில் ஏற்றுங்கள் என்று மனு கொடுக்கிறார்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை எல்லாரும் பேசினார்கள். கூரைகள் பறந்தது அந்தளவு பேசப்படவில்லை. பிறகு தமிழக அரசு பாதிக்கப்பட்ட குடிசைகளுக்குப் பதிலாக ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தது. கூரையும் மண் சுவரும் போய் வெறும் தரை மிஞ்சிய இடத்தில், இங்கே ஒரு வீடு இருந்தது என்று காட்ட எது இருக்கும்? அரையாண்டுக்குச் சில ரூபாய் வாங்கிக்கொண்டு பேரூராட்சியோ ஊராட்சியோ கொடுத்த ரசீது அப்படிப்பட்ட நாளில் பெறும் மதிப்பு வேறு.

ஹைதராபாத் மாநகராட்சி 2015-ல் செய்தது இந்த வகையில் புத்திசாலித்தனம். வருஷ வரி 1200 ரூபாய் வரை இருந்த வீடுகளுக்கு வெறும் 101 ரூபாய் கட்டினால் போதும் என்றது. சுழியம் ஆக்கவில்லை. கணக்கில் பெயர் இருக்கும், கையில் ரசீது இருக்கும், சுமை மட்டும் இருக்காது. மும்பை வேறு வழியில் போனது. 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்குச் சொத்து வரியே கிடையாது என்பது 2017 மாநகராட்சித் தேர்தல் வாக்குறுதி. 2019-ல் வரியின் பல பகுதிகளில் பொது வரி என்ற ஒன்று மட்டும் தள்ளுபடியானது. முழு விலக்கு 2022 ஜனவரியில்தான் வந்தது. சுமார் 16 லட்சம் குடும்பங்களுக்குப் பயன் என்று அப்போது சொன்னார்கள். கேரளம் 2023 ஏப்ரல் முதல் 60 சதுர மீட்டர் வரையுள்ள, சொந்தமாகக் குடியிருக்கும் வீடுகளுக்கு விலக்கு அளித்தது.

மூன்றிலும் ஒரே விஷயத்தைப் பார்க்கலாம். வீட்டைத்தான் அளக்கிறார்கள், வருமானத்தை யாரும் கேட்பதில்லை. மும்பையில் 500 சதுர அடி வீடு வைத்திருப்பவர் கோடீஸ்வரராகவும் இருக்கலாம். பண்ருட்டிப் பக்கம் தாத்தா கட்டிய 1300 சதுர அடி ஓட்டு வீட்டில் விதவைப் பாட்டி ஒருத்தி முதியோர் உதவித்தொகையில் காலம் தள்ளலாம். இங்கிலாந்தில் 1966-ல் வந்த சட்டம் குடும்ப வருமானத்தைப் பார்த்து உள்ளாட்சி வரியில் கழிவு கொடுத்தது. செலவின் பெரும்பகுதியை மத்திய அரசே ஏற்றுக்கொண்டது. அதே நாட்டில் 2013-ல் இந்தப் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் தள்ளிவிட்டு, கொடுக்கும் நிதியையும் சுமார் 10 சதவீதம் குறைத்தபோது என்ன ஆயிற்று? ஓய்வூதியர்களைத் தொடக்கூடாது என்று நிபந்தனை இருந்ததால், உழைக்கும் வயதிலிருந்த ஏழைகள் பலர் முதல் தடவையாக வரிச் சீட்டு வாங்கினார்கள். சலுகை யார் காசில் என்ற கேள்வியைத் தவிர்க்கவே முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

தமிழ்நாட்டில் அந்தக் கேள்வியைத் தவிர்க்க ஒரு சுலபமான வழி வைத்திருந்தார்கள். சலுகை என்று எதையும் அறிவிக்காமல், வரியை உயர்த்தாமலே விட்டுவிடுவது! சென்னையில் 1998-க்குப் பிறகும் மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகும் பொதுச் சீராய்வு நடக்கவில்லை. நடுவில் 2018 ஜூலையில் உயர்வு அறிவித்தார்கள். சொந்தக் குடியிருப்புக்கு 50 சதவீதத்துக்குள், வாடகைக் குடியிருப்புக்கு 100 சதவீதத்துக்குள் என்றார்கள். சில நாளிலேயே வாடகைக் குடியிருப்புக்கும் 50 என்று குறைத்தார்கள். 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய நேரத்தில், மொத்த உயர்வையும் நிறுத்திவைத்தார்கள். வருஷக்கணக்கில் உயராத வரி ஏழைக்கும் சலுகைதான், சந்தேகமில்லை. ஆனால் ஏழையின் வீட்டில் மிச்சமானது சில பத்து ரூபாய் என்றால், வணிக வளாகம் வைத்திருந்தவருக்கு மிச்சமானது லட்சம். குடிநீர்க் குழாயும் தெரு விளக்கும் பேரூராட்சியை நம்பியே இருப்பவர் இவர்களில் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. போர்வெல்லும் ஜெனரேட்டரும் வைத்திருப்பவருக்குப் பேரூராட்சி ஏழையானால் பெரிய நஷ்டமில்லை.

15-ஆவது நிதிக்குழு கதவைத் தட்டியது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்து, வசூலை மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப உயர்த்தினால்தான் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் என்றது. 2022 ஏப்ரலில் தமிழக அரசு உயர்வை அறிவித்தது. உள்ளாட்சித் தேர்தல் அந்த பிப்ரவரியில்தான் முடிந்திருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்! சென்னையின் பழைய பகுதி தவிர மற்ற இடங்களில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. குடியிருப்புகளில் 83 சதவீதத்துக்கு மேல் முதல் இரண்டு படியில் வந்துவிடுகின்றன என்றது அரசு. அரையாண்டுக்கு 300 ரூபாய் கட்டிய 500 சதுர அடி வீடு 375 கட்டும். 300 ரூபாய் கட்டிய பழைய பெரிய வீடு இருந்தால் அது 600 கட்டும். உயர்வையே படிக்கட்டாக வைத்தது முன்னேற்றம்தான். அதற்கு முந்தைய சீராய்வுகளில் வீட்டின் அளவை இப்படிப் பார்த்ததில்லை.

ஆனால் 2023-ல் புதிய நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் நடைமுறைக்கு வந்தபோது வருஷா வருஷம் உயர்வு என்ற முறையும் வந்தது. 6 சதவீதம், அல்லது மாநிலப் பொருளாதார வளர்ச்சியின் ஐந்தாண்டுச் சராசரி, எது அதிகமோ அது. இதில் படிக்கட்டு கிடையாது. சின்ன வீடும் பங்களாவும் ஒரே சதவீதம். 6 சதவீதம் தவறாமல் ஏறினால் 12 வருஷத்தில் வரி இரண்டு மடங்காகிவிடும். அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி. ஏப்ரலில் கையில் பணம் வைத்திருப்பவருக்குத் தள்ளுபடியும், கரும்பு வெட்டோ முந்திரி சீசனோ முடிந்து பணம் வரட்டும் என்று காத்திருப்பவருக்கு வட்டியும்!

வீடு வாங்குகிறவர் கதை இன்னும் தனி. 2005-ல் வந்த ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டம், முத்திரைத் தீர்வையை ஏழு வருஷத்தில் 5 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று மாநிலங்களுக்கு நிபந்தனை போட்டது. தமிழ்நாடு 2012-ல் மொத்தத் தீர்வையை 8-லிருந்து 7 சதவீதமாகக் குறைத்தது. அந்த 7-ல் 5 முத்திரைத் தீர்வை, 2 சொத்து மாற்றுத் தீர்வை. பத்திரம் பதிபவர்களில் பலருக்குத் தெரியாத விஷயம், இந்த 2 சதவீதம் உள்ளாட்சிக்குப் போகிறது என்பது. பதிவுக் கட்டணமோ 1 சதவீதமாக இருந்து 2017-ல் 4 ஆகி, 2023-ல் 2 ஆகக் குறைந்தது. 2023 டிசம்பரில் புதிய அடுக்குமாடி வீடுகளின் முதல் விற்பனைக்குத் தனிச் சலுகை வந்தது. 50 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டுக்கு எல்லாம் சேர்த்து 6 சதவீதம். மேல்பட்டாம்பாக்கம் மாதிரி ஊர்களில் அடுக்குமாடி எங்கே இருக்கிறது? இங்கே ஒருவர் வாங்குவது மனையும், பழைய வீடும்தான்.

2025 ஏப்ரல் 1 முதல் வந்த சலுகைதான் இந்த மாதிரி ஊர்களைத் தொட்டது. 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். 10 லட்சத்துக்கு ஒரு சின்ன வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வை 50,000, மாற்றுத் தீர்வை 20,000, பதிவுக் கட்டணம் 20,000, ஆக 90,000 ரூபாய். பெண் பெயரில் என்றால் 80,000. மாநில அரசு தன் கட்டணத்தில் விட்டுக்கொடுத்ததால் பேரூராட்சியின் பங்கான 20,000 அப்படியே இருக்கிறது. வீடு வாங்குகிறவர் சுமை குறைந்து, உள்ளாட்சியின் கையிலிருந்தும் எதுவும் போகாத சலுகை இந்தச் சரித்திரத்தில் அபூர்வம். அதோடு பத்திரத்தில் அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் ஏறுகிறது. அதை வைத்துப் பேரூராட்சி அலுவலகத்தில் பெயர் மாற்றம் செய்தால், அடுத்த அரையாண்டு ரசீதும் அவர் பெயரில் வரும்.